ஐரோப்பியத் தொலைத்தொடர்புக் கொள்கைப் பணி: கேள்வி பதில்

கேள்வி (சட்ட மாணவி): இத்துறையில் அன்றாட வேலை என்ன?

பதில்: பெரும்பகுதி வாசிப்பதும் எழுதுவதும்தான். ஒரு நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பு, சந்தையில் எந்த நிறுவனம் ஆதிக்கம் செலுத்துகிறது என்று ஆராய்ந்து, அந்நிறுவனம் தன் கம்பித்தடத்தைப் போட்டியாளர்களுக்கு என்ன விலையில், என்ன நிபந்தனையில் திறந்துவிட வேண்டும் என்று வரைவு முடிவு ஒன்றை எழுதுகிறது. உள்நாட்டில் கருத்துக் கேட்ட பின், அவ்வரைவு ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணையத்துக்கும், ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பான பெரெக்குக்கும் (BEREC) போகிறது. ஆணையத்துக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. கடும் ஐயம் எழுந்தால் மேலும் இரண்டு மாதம் நீளும். நிறுவனத்தின் தரப்பில் பணியாற்றுபவர் வரைவைப் பத்தி பத்தியாகப் பிரித்து, சந்தையின் எல்லையை வரையறுத்த விதம் சரியா, செலவுக் கணக்கில் எந்த அனுமானம் நிற்காது என்றெல்லாம் பொறியாளரிடமும் கணக்காளரிடமும் கேட்டறிந்து, கெடு முடிவதற்குள் பதிலறிக்கையை அளிக்க வேண்டும். அமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் சந்திப்பதே இவ்வேலை என்ற எண்ணத்தோடு வருபவர்கள் விரைவில் சோர்ந்துபோகிறார்கள்.

கேள்வி (பொருளியல் பட்டதாரி): சட்டம் படிக்காதவருக்கு இடம் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. ஒரு வலையமைப்பிலிருந்து வரும் அழைப்பை இன்னொன்று ஏற்று முடித்துவைப்பதற்கான கட்டணம், செல்பேசி அழைப்புகளுக்கு 2024 முதல் ஒன்றியம் முழுவதும் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.2 யூரோ சென்ட். திறமையாக இயங்கும் நிறுவனம் ஒன்றுக்கு உண்மையில் என்ன செலவாகும் என்று கணக்கிட்ட பொருளியலாளர்களின் உழைப்பு அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

கேள்வி (பொறியாளர்): ஒழுங்குமுறை குறைந்துவருகிறதே, இத்துறைக்கு எதிர்காலம் உண்டா?

பதில்: முன்கூட்டியே கட்டுப்படுத்த வேண்டியவை என ஆணையம் பரிந்துரைத்த சந்தைகள் 2003இல் 18, 2020இல் 2 மட்டுமே. ஆனால் வேலை வேறு பக்கம் நகர்ந்தது. 2015இல் இணையப் போக்குவரத்தைப் பாகுபாடின்றி நடத்தச் சொல்லும் இணையச் சமநிலைச் சட்டம், 2017 ஜூன் 15 அன்று ரோமிங் கூடுதல் கட்டண நீக்கம், 2018இல் மின்னணுத் தொடர்புச் சட்டத்தொகுப்பு, 2024இல் அதிவேக வலையமைப்புகளை நிறுவுவதை எளிதாக்கும் கிகாபிட் உள்கட்டமைப்புச் சட்டம் என்று வரிசையாக வந்தன. வலையமைப்புச் செலவில் பெரும் இணைய நிறுவனங்களும் பங்கேற்க வேண்டுமா என்ற விவாதம் 2023இல் சூடுபிடித்தது. ஆகவே சந்தை ஆய்வோடு நின்றுவிடாதீர்கள். அலைக்கற்றை, நுகர்வோர் உரிமை இவற்றில் ஒன்றையாவது கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): இந்தியக் குடிமகனுக்கு வழி உண்டா?

பதில்: ஆணையத்தின் நிரந்தரப் பணிகளுக்குப் பொதுவாக ஒன்றியக் குடியுரிமை தேவை. அதன் ஐந்து மாத புளூ புக் பயிற்சி மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. வெளிநாட்டவருக்கும் சில இடங்கள் உண்டு. நிறுவனங்களிலும் ஆலோசனை அமைப்புகளிலும் பணி அனுமதியோடு சேரலாம்.

கேள்வி (முதுநிலை மாணவர்): ஆணையம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் தொடங்குவதா, ஒரு தேசிய அமைப்பிலா?

பதில்: அந்நாட்டு மொழி தெரிந்தால் தேசிய அமைப்பையே சொல்வேன். ஜெர்மன் அமைப்பு இருக்கும் பான் (Bonn) நகரில் ஜெர்மன் மொழி, பிரெஞ்சு அமைப்பு இருக்கும் பாரிஸில் பிரெஞ்சு மொழி இல்லாமல் நகர முடியாது. ஆனால் முடிவுகள் உருவாகும் இடம் அதுவே. பெரெக்கின் அலுவலகம் லாட்வியாவின் ரீகாவில் இருந்தாலும், அதன் பணிக்குழுக்களில் எழுதுபவர்கள் தேசிய அமைப்புகளின் வல்லுநர்களே. அதற்கு முன், ஏதேனும் ஒரு நாட்டின் வரைவு முடிவையும் அதற்கு ஆணையம் எழுதிய கருத்துக் கடிதத்தையும் அருகருகே வைத்துப் படித்து, இரண்டு பக்கத்தில் உங்கள் மறுமொழியை எழுதிப் பாருங்கள். இரண்டும் பொதுவெளியில் கிடைக்கின்றன.