மோர் மாளிகை என்ன ஆனது?

லண்டனுக்கு வடமேற்கே ரிக்மன்ஸ்வொர்த் பக்கம் இருந்த மோர் மாளிகை, இங்கிலாந்து அரசர் 8ம் ஹென்றி தங்கிய இடமாச்சே, அது எப்படி சுவடே இல்லாமல் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். போரில் விழவில்லை, கவனிப்பாரில்லாமல்தான் போனது.

அந்தக் காலத்தில் மதில் உச்சியைப் பல் பல்லாக வைத்துக் கோட்டை மாதிரி வீடு கட்ட அரச அனுமதி வாங்குவார்கள், இதற்கு 1426ல் கிடைத்தது. சுற்றிலும் அகழி. 1520களில் ஹென்றியின் முதன்மை அமைச்சராக இருந்த கார்டினல் (திருச்சபை உயர்பதவியாளர்) வுல்சி கைக்கு வந்தபோதுதான் இதன் பொற்காலம்; விரிவாக்கிக் கட்டினார், 1525ல் பிரான்சோடு சமாதான ஒப்பந்தமே இங்கேதான் முடிவானது, புகழ்பெற்ற ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையைவிட இது அழகு என்று பிரெஞ்சுத் தூதர் டு பெல்லே நினைத்தாராம். அப்புறம் வுல்சி அரசரின் ஆதரவை இழந்து வீழ்ந்தார், மாளிகை அரசரிடம் போனது. கணவர் ஹென்றி ஒதுக்கிவைத்த அரசி கேத்தரின் 1531 குளிர்காலத்தை இங்கே கழித்தார், எனக்கு அதுதான் மனசைப் பிசைகிறது.

பிறகு பெட்ஃபோர்டு பிரபுக்களிடம் வந்தது. பழுதுபார்க்காமல் சிதைய, 1617 வாக்கில் பக்கத்து மேட்டில் புதுவீடு கட்டிக்கொண்டார்கள், பழையது அந்த நூற்றாண்டிலேயே இடிக்கப்பட்டது. 1950களில் அகழாய்வு நடந்தது. இப்போது அந்த இடம் ஒரு பள்ளி வளாகத்துக்குள், மண்ணுக்கடியில் பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கிறது.