கிளிஞ்சல் மேடுகளில் ஆராய என்ன இருக்கிறது?

ஆதி மனிதர்கள் தின்று எறிந்து, மேடாகக் குவிந்த சிப்பி ஓடுகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானையே எடுத்துக்கொள்வோம்.

1877இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ், யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு ரயிலில் போகும்போது, ஓமோரி அருகே பாதைக்காக வெட்டிய மேட்டில் ஓடுகள் அடுக்கடுக்காகத் தெரிவதைக் கண்டார். தோண்டியபோது கயிற்றுத் தடம் பதிந்த பானைத் துண்டுகள் கிடைத்தன. ஜப்பானின் அந்த ஆதிகாலத்துக்கு வழங்கும் 'ஜோமோன்' என்ற பெயருக்கே கயிற்றுத் தடம் என்றுதான் பொருள்.

அந்நாட்டு மண்ணில் அமிலத்தன்மை அதிகம். புதைந்த எலும்பு கரைந்துவிடும். ஓடுகளின் சுண்ணாம்பு அந்த அமிலத்தை முறிப்பதால்தான் மீன்முள், மான் எலும்பு, எலும்பில் செதுக்கிய தூண்டில் முள் எல்லாம் நமக்கு மிஞ்சின. என்னை மிகவும் வியக்கவைப்பவை சிப்பியின் வளர்ச்சிக் கோடுகள். நுண்ணோக்கியில் அவற்றை எண்ணி, அந்தச் சிப்பியை எந்தப் பருவத்தில் பொறுக்கினார்கள் என்றே கணித்துவிடலாம்!

டோக்கியோ விரிகுடாவைச் சுற்றி, இன்றைய கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளியும் இம்மேடுகள் உண்டு. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல் அந்த இடங்கள்வரை ஏறியிருந்தது.

குப்பைமேடு என்று மட்டும் இவற்றைச் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. இறந்த உறவினர்களை இங்கேதான் புதைத்தார்கள், தங்கள் நாய்களையும்கூட.