பெட்டியில் முந்திரி வேண்டாம், தங்கச்சி

ஜூலையில் பிரான்சில் ஒரு இயற்கைப் பூங்காவில், கோடை முகாமுக்கு வரும் சிறுபிள்ளைகளோடு இரண்டு மாதப் பயிற்சி என்று வில்லியனூரிலிருந்து எழுதியிருக்கிறாய். என்ன துணி, கையில் எவ்வளவு காசு, சோறு கிடைக்குமா, பிள்ளைகளுக்கு ஊர் இனிப்பு கொண்டுவரலாமா?

சோறெல்லாம் கிடைக்கும். துணியில் முழுக்கால் பேன்ட் இருக்கட்டும், மீதி உன் இஷ்டம். கடைசிக் கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

2009-இல் நானும் அப்படித்தான் போனேன். ஆயாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு. அந்தப் பருப்பில் அம்மா வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடித்து ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். முதல் வாரமே ஏழு வயசுப் பையன் ஒருவன், நம் காஞ்சொறி மாதிரி அரிக்கும் செடியில் கையை விட்டு அழுதான். மடியில் தூக்கி வைத்து, கண்ணைத் துடைத்து, ஒரு உருண்டையை வாயருகே கொண்டுபோனேன். பொறுப்பாளர் அம்மாள் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். பையனுக்குக் கொட்டை வகை எதுவும் ஆகாது. அவன் பெயர் எழுதிய பையில் ஊசி மருந்தே இருந்தது. முதல் நாள் கொடுத்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது. எனக்குத்தான் பாதி புரியவில்லை. பிரெஞ்சில் சான்றிதழ் வாங்கிவிட்டு, புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? வெட்கம்.

நீ வெட்கப்படாதே. யாருக்கு எது ஆகாது, மருந்து எந்தப் பையில், யார் போடுவார் என்று போன அன்றே கேள். மூணு தரம் கேள். யாரையும் தூக்கிக் கொஞ்சாதே. பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் போட்டோ எடுக்காதே, அழகாக இருக்கிறதென்று ஊருக்கு அனுப்பவே அனுப்பாதே.

அப்புறம், உண்ணி. புல்லில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், காது பின்புறம், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும். நம்மூர் மாதிரி மண்ணெண்ணெய் வைக்கக் கூடாது. அதற்கென்றே மருந்துக்கடையில் சின்னக் கொக்கி விற்கிறார்கள். கடித்த தேதியைக் குறித்து வை. அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வளையம் பரவினால் டாக்டரிடம் ஓடு, லைம் நோயாக இருக்கலாம். குழந்தை உடம்பில் கண்டால் நீயாகக் கை வைக்காமல் பொறுப்பாளரைக் கூப்பிடு.

பாரிசில் இறங்கினதும் உனக்கு ஆலோசனை சொல்ல ஆள் வருவார்கள். புதுச்சேரியில் 1962-லேயே பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்காரர் வீடு என்று ஆரம்பித்த ஒரு மாமா, "பிள்ளைகளிடம் மிரட்டலாக இரு, அப்பத்தான் மதிக்கும்" என்றார். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெலில் காய்கறி வாங்குவதைத் தவிர வெளியுலகமே தெரியாத மனுஷர். காட்டுக்குள் மிரட்டலா உதவும்? எண்ணிக்கைதான் உதவும். ஆறு வயசுக்கு மேல் பன்னிரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது இங்கே கணக்கு. பதற்றத்தில் எனக்குப் பிரெஞ்சில் எண்ண வராது, ஒண்ணு ரெண்டு என்று தமிழில்தான் எண்ணினேன். மூன்றாம் வாரத்தில் பிள்ளைகளே வரிசையில் நின்று "பன்னெண்டு!" என்று கத்தின. அதில் அந்தப் பையன் குரல்தான் பெரிசு.

காசுக் கேள்விக்கு இதுதான்: இரண்டு மாதத்தைத் தாண்டினால்தான் உதவித்தொகை கட்டாயம். ஒப்பந்தத்தில் தேதியைப் பார்த்துக்கொள்.

மீதி உருண்டைகளை ராத்திரி அறையில் அழுதுகொண்டே நானே தின்று தீர்த்தேன். 2011 டிசம்பர் 30, தானே புயல். ஆயா தோப்பில் ஒரு மரம் மிஞ்சவில்லை. இப்போது அம்மா கடைப் பருப்பில்தான் பிடிக்கிறாள், அந்த ருசி இல்லை. இருந்தாலும், உன் வீட்டில் கேட்காமல் டப்பாவைக் கட்டிவிட்டார்கள் என்றால், பூங்காவுக்குக் கொண்டுபோகாமல் வழியில் என் வீட்டில் இறக்கிவிட்டுப் போ.