ஹெச்டிஎம்ஐ சிக்னலை கேட் 6 கேபிளில் 50 மீட்டர் கொண்டுபோக முடியுமா?

தாராளமாக முடியும், கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிளே போதும். கல்யாண மண்டபத்தில் மேடை வீடியோவைச் சாப்பாட்டுக் கூடத்து டிவிக்கு எடுக்க 50 மீட்டர் ஆகிறது, 20 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டதற்கே படம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மண்டபங்களுக்கு இந்த வயரிங் செய்வதுதான் என் தொழில்.

1080பி படம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது ஹெச்டிஎம்ஐ கேபிளில் நொடிக்கு 4.455 கிகாபிட் போகிறது. அவ்வளவு வேகத்தில் சிக்னல் செம்பிலேயே கரைந்துவிடும். 10, 15 மீட்டரைத் தாண்டினால் சாதாரண கேபிளை நம்ப முடியாது. பழைய அனலாக் போல மங்கலாகவும் காட்டாது. முதலில் படத்தில் மின்மினி மாதிரிப் புள்ளிகள் தெரியும், இன்னும் கொஞ்சம் நீட்டினால் திரை கறுப்பு.

உங்களுக்கு ஹெச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர்தான் சரி, அதாவது கேட் 6 கேபிளின் இரு முனையிலும் மாட்டும் இரண்டு பெட்டிகள். 2010-ல் எல்ஜி, சாம்சங், சோனி பிக்சர்ஸ், வேலன்ஸ் சேர்ந்து கொண்டுவந்த முறை இது. ஒரே கேட் 6 கேபிளின் நான்கு கம்பி ஜோடிகளிலும் 100 மீட்டர் வரை படம் போகும். தாமதம் கண்ணுக்கே தெரியாது. வாங்கும்போது 100 மீட்டர் மாடலா என்று பாருங்கள், 70 மீட்டர் வகையும் இருக்கிறது. இந்தக் கேபிளை நெட்வொர்க் சுவிட்சில் மட்டும் சொருகிவிடாதீர்கள். சாக்கெட் ஒன்றுதான், உள்ளே ஓடுவது வேறு. நாலைந்து டிவிக்குப் பிரிக்க வேண்டுமென்றால் சுவிட்ச் வழியாகப் போகும் ஐபி எக்ஸ்டெண்டர் வசதி, ஆனால் படம் சற்றுப் பிந்தி வரும். சாப்பாட்டுக் கூடத்தில் அது பரவாயில்லை. மேடைக்குப் பக்கத்துத் திரை என்றால் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்றாகிவிடும்.

ஆனால் பெட்டியைவிட நான் அதிகம் பார்ப்பது கேபிளை. ஒரு மண்டபத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் இரண்டு நொடி போய்ப் போய் வந்தது. எக்ஸ்டெண்டரை இரண்டு முறை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் கம்பியை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். கனெக்டர் பக்கம் பார்த்தால், அடித்தவர் இரண்டு அங்குலத்துக்குக் கம்பி ஜோடிகளின் முறுக்கைப் பிரித்து வைத்திருந்தார். அந்த முறுக்குதான் இந்தக் கேபிளின் உயிர். ஜோடியில் ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அதே சிக்னல் போகிறது. வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் இரைச்சல் அடிபட்டுப்போகும். முறுக்கு பிரிந்த இடத்தில் அந்தச் சமம் கெட்டுவிடும். முழுச் செம்புக் கேபிள் இழுத்து, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் அடித்தேன். அப்புறம் அங்கே படம் ஒருமுறைகூடத் தடைபடவில்லை.

நீங்களும் வாங்கும்முன் ஒரு துண்டைச் சுரண்டிப் பாருங்கள். நடுவில் ஜாயின்ட் வேண்டாம், கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் இழுக்க வேண்டாம். வீடியோ மிக்ஸரை 1080பியில் வைத்துவிடுங்கள். சீலிங்கை மூடும் முன்பு சீரியல் லைட், ஏசி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.