ஒற்றைப் பாதையில் கோச்சிகள் மோதாமல் ஓடியது எப்படி?

1905இல் முழுமையடைந்த இலங்கையின் வடக்குப் புகையிரதப் பாதை வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எனக் காட்டை ஊடறுத்துச் சென்றபோது ஒரேயொரு சோடித் தண்டவாளமே இருந்தது. எதிரெதிரே வரும் கோச்சிகள் மோதாமல் காத்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலங்கையின் ஒற்றைப் பாதைகளில் அதற்கெனப் பயன்பட்டது டேப்ளட் முறை. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில் இரு வண்டிகள் நேருக்குநேர் மோதிய பின்னர், எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் இதனை உருவாக்கினார். அடுத்தடுத்த இரு நிலையங்களில் தகடுகளை வைத்திருக்கும் பொறிப்பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். உதாரணமாக, வவுனியா நிலைய அதிபர் மணியொலியால் அனுமதி கேட்க, அடுத்த நிலையமான ஓமந்தையின் அதிபர் அதற்கு இணங்கித் தம் பெட்டியை இயக்கினால் மட்டுமே வவுனியாவில் டேப்ளட் எனப்படும் ஓர் உலோக வட்டத்தகடு வெளிவரும். அது வெளியே இருக்கும்வரை, இரண்டு பெட்டிகளிலிருந்தும் இன்னொரு தகட்டை எவராலும் எடுக்க முடியாது. இதுவே அந்தப் பொறியின் உயிர்நாடி என்பேன், ஏனெனில் மனிதரின் மறதிக்கு அது மிகக் குறைந்த இடமே வைத்தது.

தகட்டில் அந்தப் பகுதியின் இரு நிலையப் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கும். பெரிய வளையத்தில் தொங்கும் தோற்பையினுள் அதை இட்டு நீட்டுவார்கள். நகரும் இயந்திரத்திலிருந்து ஒருவர் கையை வளையத்துக்குள் கொடுத்து அதை வாங்கிக்கொள்வார். தகடு கையில் இல்லாமல் சாரதி நிலையத்தை விட்டுப் புறப்படக்கூடாது. அடுத்த நிலையத்தில் அது பெட்டிக்குள் இடப்பட்ட பிறகே பாதை மற்றொரு வண்டிக்குத் திறக்கும்.