சாகப்போகிறவர்களும் பேரரசரின் குறும்பும்

கேள்வி: ரோமானிய வாள்வீரர்கள் அரங்கில் இறங்கியதும் பேரரசரை நோக்கி லத்தீனில் ‘மொரிதூரி தே சலூதாந்த்’ என்று முழங்குவார்கள் எனப் படித்தேன். இதில் ‘மொரிதூரி’ என்பது வினையா, பெயரா?

பதில்: வினையிலிருந்து பிறந்து, இவ்விடத்தில் பெயராக நிற்கும் எதிர்கால எச்சம் அது, நம் இலக்கணத்தார் வினையாலணையும் பெயர் என்பதற்கு மிக நெருங்கியது. ‘மொரி’ என்றால் சாதல். அதனோடு ‘தூருஸ்’ என்னும் ஈறு சேர்ந்தால் ‘மொரிதூருஸ்’, அதாவது சாகப்போகிறவன். அதன் ஆண்பால் பன்மை எழுவாய் வடிவமே ‘மொரிதூரி’. (ஆங்கிலத்தின் ‘ஃபியூச்சர்’ கூட, ‘ஆகப்போவது’ என்னும் பொருளுடைய ‘ஃபுதூருஸ்’ என்ற இதே வகை எச்சத்தின் வழி வந்ததுதான்.)

தமிழில் வினையாலணையும் பெயர் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடத்துக்கும் வரும் என்கிறது நன்னூல். லத்தீன் எச்சமோ பால், எண், வேற்றுமை ஆகியவற்றைக் காட்டுமே தவிர இடத்தைக் காட்டாது. அதை முற்றுவினையிடம்தான் கேட்டறிய வேண்டும். ‘சலூதாந்த்’ படர்க்கைப் பன்மை என்பதால், ‘சாகப்போகிறவர்கள் உம்மை வணங்குகிறார்கள்’ என்பதே சொல்லுக்குச் சொல் சரியான பொருள். ‘வணங்குகிறோம்’ என்று மொழிபெயர்ப்பதற்கு ‘சலூதாமுஸ்’ என்று இருந்திருக்க வேண்டும்.

இது வாள்வீரர்களின் வாடிக்கையான வணக்கம் என்பதற்குச் சான்று இல்லை. கி.பி. 52இல் இத்தாலியின் ஃபூசினஸ் ஏரியில் பேரரசர் கிளாடியஸ் நடத்திய கப்பற்போர்க் காட்சியில், மரண தண்டனைக் கைதிகள் சொன்னதாகவே ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். அதற்குக் கிளாடியஸ் சொன்ன பதில் இரண்டே சொற்கள்: ‘அவுத் நோன்’, ‘அல்லது இல்லை’. இந்த எச்சம் ‘இனி நடக்கவிருப்பது’ என்பதோடு ‘விதிக்கப்பட்டது’, ‘துணிந்துவிட்டது’ என்ற சாயல்களையும் ஏற்கும். நடந்து முடிந்ததை மட்டும் ஒருபோதும் சொல்லாது. எதிர்காலம்தானே, பொய்த்தும் போகலாமே என்று அந்த இடைவெளியில் விரலை வைத்துப் பேரரசர் குறும்பு செய்தார் என்றே நான் வாசிக்கிறேன்.

கைதிகளோ அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டு போரிட மறுத்துவிட்டார்கள். எல்லோரையும் தீக்கும் வாளுக்கும் இரையாக்கிவிடலாமா என்று வெகுநேரம் தயங்கிய கிளாடியஸ், கடைசியில் இருக்கையிலிருந்து துள்ளியெழுந்து, தள்ளாடியபடியே ஏரிக்கரையெங்கும் ஓடி, மிரட்டியும் தட்டிக்கொடுத்தும் அவர்களைப் போரில் இறக்கினாராம். நிறைய இரத்தம் சிந்திய பின் எஞ்சியவர்களைக் கொல்லாமல் விட்டார்கள் என்று இன்னொரு ரோமானிய வரலாற்றாசிரியரான டாசிட்டஸ் குறிப்பிடுவதால், அவர்கள் வரையில் ‘அவுத் நோன்’தான் பலித்தது.