சீனாவில் கொள்முதல்: விடுமுறையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க

கேள்வி: கோவையில் சமையல் பாத்திரங்களை இறக்குமதி செய்து விற்கிறோம். 2026 அக்டோபரில் நடக்கும் கேன்டன் கண்காட்சி என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சிக்காக சீனாவின் குவாங்சௌ போகிறேன். 1-ஆம் தேதியே போய், முதலில் நான்கைந்து தொழிற்சாலைகளைப் பார்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள். இந்த ஆண்டு 7-ஆம் தேதி வரை விடுமுறை. பல ஆலைகளில் வாசல் காவலாளி மட்டும்தான் இருப்பார். விற்பனைப் பிரிவு ஆட்கள் ஊரிலிருந்து வீசாட் (சீனர்களின் செய்தி செயலி) வழியாகப் பதில் போடுவார்கள், ஆனால் விலையை முடித்துத் தரமாட்டார்கள். ரயில் டிக்கெட் பயணத்துக்கு 15 நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். விடுமுறை நாட்களுக்கானது திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொன்று: கண்காட்சி 15-ஆம் தேதி தொடங்கினாலும் முதல் கட்டம் மின்னணுவும் இயந்திரங்களும்தான். உங்கள் பாத்திரங்கள் இரண்டாம் கட்டம், 23 முதல் 27 வரை. ஆகவே 19 அன்று இறங்குங்கள். 20 முதல் 22 வரை ஆலைகள், பிறகு கண்காட்சி. முன்னதாகத்தான் போக முடியும் என்றால் 9, 10 தேதிகள் சரி. 10 சனிக்கிழமைதான், ஆனாலும் விடுமுறைக்கு ஈடாக அறிவிக்கப்பட்ட வேலை நாள்.

கேள்வி: 30% முன்பணம் கொடுத்தால் ஜனவரி கடைசியில் சரக்கை அனுப்புவதாக ஓர் ஆலை சொல்கிறது. நம்பலாமா?

பதில்: அந்தத் தேதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். 2027-இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. தொழிலாளர்கள் இரண்டு வாரம் முன்பிருந்தே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆலை ஓடினாலும், அட்டைப்பெட்டி அச்சடிப்பவர் கடையை மூடிவிட்டால் சரக்கு நகராது. கடைசி நேர அவசரத்தில் அடிபடுவது தரம்தான்: கைப்பிடி ரிவெட் ஆடும், பாலிஷில் கீறல் இருக்கும்.

பேக்கிங் ஜனவரி 9-க்குள் முடிய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 80% பேக் ஆனதும் ஆய்வாளரை அனுப்பி, அவர் எடுக்கும் பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை கைக்கு வராமல் மீதி 70% போகக்கூடாது. அந்தப் பணத்தை ஜனவரி 22 வெள்ளிக்குள் அனுப்பிவிடுங்கள்; 23 நான்காவது சனி, 24 ஞாயிறு, 26 குடியரசு தினம் என்று இங்கேயும் வங்கி அடைப்புதான்.

இந்தத் தேதிக்கு ஆலை ஒத்துவராவிட்டால் மார்ச்சுக்குத் தள்ளுங்கள். புத்தாண்டுக் கொண்டாட்டத்தை முடித்துவைக்கும் விளக்குத் திருவிழா பிப்ரவரி 20. அது முடிந்த பிறகுதான் ஆள்பலம் திரும்பும். ஊருக்குப் போனவர்களில் சிலர் வேறு ஆலைக்கு மாறிவிடுவதால் முதல் லாட்டில் புதுக் கைகள் அதிகம் இருக்கும். அதை இன்னும் கூர்ந்து சோதியுங்கள்.

கேள்வி: அக்டோபர் முதல் வாரம் ஹாங்காங் போனாலும் இதே கதைதானா?

பதில்: இல்லை. அங்கே தேசிய நாள் விடுமுறை 1-ஆம் தேதி ஒரு நாள் மட்டும். வங்கிகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும், கடைகள் திறந்திருக்கும். சீனாவின் ஷென்சென் நகருக்குள் போகும் எல்லை வாசல்களில் மட்டும் அந்த வாரம் முழுக்கக் கூட்டம் அதிகம், கூடுதலாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.